வைத்தியம் இலவசம், அங்கே போகிற பஸ்ஸுக்கு மட்டும் ஏன் காசு?

வெருகலாற்றங்கரை – திங்கள், இரவு 9.10

நேற்று முழுக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த விஷயம் இது, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். மாத்திரையை மூதூரிலேயே எடுக்கலாம், ஆனால் கண்ணுக்குத் திருகோணமலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெருகலில் இருந்து இருட்டோடு இருட்டாகப் புறப்பட்டால்தான் நேரத்துக்கு நம்பர் எடுக்கலாம். அம்மாவைத் தனியே அனுப்ப முடியாது, நானும் போக வேண்டும். இரண்டு பேருக்கும் போக வர ஆயிரம் ரூபா பஸ்ஸுக்கே கரைந்துவிடும். பிறகு ஓட்டோ, ஒரு பிளேன்ரீ, மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல். அன்றைய கூலியும் இல்லை. போன மாதம் அம்மா "கண் இப்ப பரவாயில்லை மகன், அடுத்த முறை பாப்பம்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். கண் பரவாயில்லாமல் இல்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது விரலால் தடவித்தான் பொறுக்குகிறார். காசுக்காகத்தான் போகவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

இலங்கையில் வைத்தியம் இலவசம். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல், படிப்பும் இலவசமானது. டொக்டருக்குக் காசில்லை, மருந்துக்குக் காசில்லை, டொக்டர் இருக்கிற இடத்துக்குப் போவதற்கு மட்டும் காசு. கிட்ட இருப்பவனுக்கு அது முழு இலவசம், எங்களைப்போல எட்ட இருப்பவனுக்குப் பாதி இலவசம், அவ்வளவுதான்.

லக்சம்பேர்க்கில் 2020 பெப்ரவரி 29இல் இருந்து பஸ், ட்ராம், ரயில் எல்லாம் சும்மா போகலாம், ரயிலில் முதலாம் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். அந்த நாட்டின் பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர். எங்கள் திருகோணமலை மாவட்டம் 2,727. ஒரு மாவட்டத்தை விடச் சின்ன இடம்! அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் அதைப்பற்றிப் பேசக்கூட ஆளில்லை? புல்மோட்டையில் இருந்து வெருகல் வரை எல்லா பஸ்ஸும் இலவசமாக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


உப்புவெளி நிலா – திங்கள், இரவு 9.41

எனக்கு முழுச் சம்மதம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் ரியூசனுக்கு ரவுண் (டவுன்) வரை நடந்து போய் வருகிறான். வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் பஸ்காசு கொடுக்க வழியில்லை, மூத்தவன் நடக்கிறான். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள் தம்பி. கண் விஷயத்தைத் தள்ளிப் போடக் கூடாது.


பெர்மிட் வீட்டுப்பிள்ளை – திங்கள், இரவு 10.25

தம்பி, அம்மாவின் நிலை வருத்தமாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பஸ் ஓடுகிறது, ஒன்றே ஒன்று, அதில்தான் ஐந்து பேர் சாப்பிடுகிறோம். அந்த இடத்தில் இருந்து கேட்கிறேன், காசு யார் தருவது?

2022ஐ நினைத்துப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் டீசல் லீற்றர் 121 ரூபா. ஜூன் மாதம் 460. குறைந்த கட்டணம் 17 ரூபாவில் இருந்து ஜூலையில் 40 ஆனது. சனம் எங்களை ஏசியது. அந்த 40 ரூபாவிலும் எங்களுக்கு மிஞ்சவில்லை, டீசல் லைனில் இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாளும் பஸ் ஓடாது, பஸ்ஸுக்குக் கடன் தந்த லீசிங்காரன் மட்டும் திகதி தவறாமல் எடுப்பான். டயர், பிறேக் லைனிங், காப்புறுதி, பெர்மிட் கட்டணம், டிரைவர், கொண்டக்டர், எல்லாமே பயணி தருகிற அந்தக் காசில் இருந்துதான் போகிறது. அரசாங்கம் தனியார் பஸ்ஸுக்கு டீசல் காசு தருவதில்லை. இலவசம் என்று ஒரு நாள் அறிவித்தால் அடுத்த நாள் எங்கள் பஸ் வீட்டு வாசலில்தான் நிற்கும். அப்போது உங்கள் அம்மாவுக்கு இலவச பஸ்ஸும் இல்லை, காசுக்கு பஸ்ஸும் இல்லை.


டிப்போ ஓய்வு – செவ்வாய், காலை 6.05

இரண்டு பிள்ளைகளும் சொல்வது சரி. நான் 1981இல் கொண்டக்டராகச் சேர்ந்தவன், வயதுக்கு மரியாதையாக நீட்டி எழுத இடம் தாருங்கள்.

1958 ஜனவரி 1இல் தனியார் கொம்பனிகளின் பஸ்களை எல்லாம் அரசாங்கம் எடுத்து ஒரே போக்குவரத்துச் சபையாக்கினார்கள். அதற்கு முன் எங்கே சனம் அதிகமோ அங்கேதான் பஸ். ஒரே ரோட்டில் இரண்டு கொம்பனி முட்டி மோதும், பக்கத்துக் கிராமத்துக்கு ஒன்றுமே போகாது. சபை வந்த பிறகுதான், நட்டம் வந்தாலும் ஒரு ஊருக்கு ஒரு பஸ் போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. கொழும்பு லைனில் உழைத்ததைக் கொண்டு கோமரங்கடவலைக்கும் திரியாய்க்கும் பஸ் விடலாம். 1979இல் தனியாரை மறுபடி விட்டார்கள். அவர்கள் நல்ல லைன்களுக்குத்தானே வருவார்கள்? அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பிழைப்பு. ஆனால் நல்ல லைனின் வருமானம் பங்காகிவிட்டது, நட்ட லைன் மட்டும் முழுதாகச் சபையின் தலையில் நின்றது. பிறகு கொம்பனிகளாகப் பிரித்தார்கள், 2005இல் திரும்ப ஒரே சபையாக்கினார்கள். பெயர்ப்பலகைதான் மாறியது, இரவு தங்கி விடியக் கிளம்பும் கிராமத்து பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இரவு தங்கும் பஸ் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாது. கடைசி பஸ் கிராமத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். நானும் டிரைவரும் பள்ளிக்கூட விறாந்தையில் படுப்போம், ஊர்ச் சனம் சாப்பாடு தரும், விடிய நான்கரைக்கு முதல் பஸ்ஸாக அதே பஸ் வெளிக்கிடும். ஆஸ்பத்திரிக்காரர், மரக்கறிக்காரர், கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) போகிறவர் எல்லாரும் அதில்தான். எத்தனையோ முறை பிள்ளைப்பேற்றுக்கு வலி எடுத்தவர்களை நடுச்சாமத்தில் அந்த பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். டிக்கெட் கிழிக்கவில்லை, யாரும் எங்களிடம் கணக்குக் கேட்கவும் இல்லை.

ஆகவே என் கருத்து, இலவசத்துக்கு முன்னம் பஸ் வேண்டும்.


கிண்ணியா டீச்சர் – செவ்வாய், மாலை 4.30

டிப்போ ஐயா சொன்னதைப் படித்து நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் "முதல் பஸ், பிறகு இலவசம்" என்று வரிசை போடுவதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபர். 396 மீற்றர். அதற்கு முன் பாதையில் (ஃபெரியை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்) காத்துக் கிடந்து கடப்போம். பாலம் வந்த அன்று யாராவது கேட்டார்களா, இந்தப் பாலத்துக்குச் செலவழித்த காசை எப்படி எடுப்பது, கடக்கிற ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வாங்குவது என்று? கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவர் சும்மா போகிறார். காரில் போகிறவர் சும்மா போகிறார். ரோட்டும் பாலமும் எல்லாருடைய வரியிலும் கட்டியது, சீனி வாங்கும்போது வெருகல் அம்மாவும் வரி கட்டுகிறார். வாகனம் வைத்திருப்பவருக்கு ரோட்டைச் சும்மா கொடுக்கலாம், வாகனம் இல்லாதவருக்கு அந்த ரோட்டில் போகிற பஸ்ஸைச் சும்மா கொடுத்தால் மட்டும் நாடு தாங்காது என்பது என்ன கணக்கு? இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

குறிஞ்சாக்கேணியை மறந்துவிட்டோமா? 2021 நவம்பர் 23. பாலம் வேலை நடக்கிறது என்று பழைய வழியை மூடியாகிவிட்டது, சனம் கடக்க ஒரு மிதவை. அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீருக்குள் போனார்கள். அந்த வாரம் வகுப்பில் நான் வரவுப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், போக்குவரத்து என்பது கடையில் விற்கிற சாமான் இல்லை. அது இல்லாத இடத்தில் பிள்ளைகள் ஏதோ ஒரு வழியில் போகத்தான் பார்க்கிறார்கள்.

சரி, என் வகுப்பு விஷயம் ஒன்று. ஏ.எல். (உயர்தரம்) படிக்க வந்து பாதியில் நின்ற பெண் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து பலர். சிசுசெரிய பஸ் (பள்ளிப் பிள்ளைகளுக்கான மலிவு பஸ்) ஓடுகிற வழியில் உள்ள பிள்ளைகள் நிற்கவில்லை. மற்ற வழிகளில் உள்ளவர்கள்தான் நின்றார்கள். வாப்பாமாரிடம் போய்க் கதைத்தால் "காசு இல்லை டீச்சர்" என்று ஒருவர் சொல்வார், "பின்னேரம் பஸ் இல்லை, பொட்டப்பிள்ளை ரோட்டில் நிற்கக் கூடாது" என்று மற்றவர் சொல்வார். இரண்டும் உண்மை. ஒன்றை முதல் என்றும் மற்றதைப் பிறகு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.


சென்னை வாசகி – செவ்வாய், இரவு 8.15

நான் தமிழ்நாடு, உங்கள் இழையைத் தற்செயலாகப் படித்தேன். இங்கே நடந்ததைச் சொன்னால் உதவலாம் என்று எழுதுகிறேன்.

2021 மே மாதம் ஆட்சி மாறியதும் முதலமைச்சர் ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பேர் வைத்தார்கள். கண்டக்டர் பூஜ்ஜியக் கட்டண டிக்கெட் ஒன்று கிழித்துத் தருவார், அந்த எண்ணிக்கையை வைத்து அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. எங்கள் அம்மா பூ கட்டி விற்கிறார். முன்பெல்லாம் பக்கத்துத் தெருவிலேயே விற்றுவிட்டு வருவார், இப்போது இரண்டு பஸ் மாறி கோயில் வாசல் வரை போகிறார். மிச்சமான காசை விட அதுதான் பெரிசு என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே போய் விற்பது என்பதை அவரே முடிவு பண்ணுகிறார்.

குறையும் இருக்கிறது. எல்லா பஸ்ஸிலும் செல்லாது, சாதாரண பஸ்ஸில் மட்டும்தான். சில நேரம் அந்த பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்க வேண்டும், நடுவில் காசு பஸ் இரண்டு போய்விடும். "சும்மா வர்றவங்க பின்னாடி போங்க" என்று சொல்கிற கண்டக்டரும் இருந்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா ஒரு வாரம் காசு கொடுத்துத்தான் போனார்.


வெருகலாற்றங்கரை – செவ்வாய், இரவு 9.02

அக்கா, நன்றி. "மிச்சமான காசை விட" என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், பஸ் சும்மா என்றால் எங்கே போவீர்கள் என்று. கிளினிக்கைச் சொல்வார் என்று நினைத்தேன். கோணேசர் கோயிலுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது என்றார்.


டோர்ட்முண்ட் பாலையூற்றான் – செவ்வாய், இரவு 11.50

திருகோணமலை பாலையூற்றில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஜெர்மனி. ஐரோப்பிய உதாரணத்தை எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லக்சம்பேர்க்கில் இலவசமாக்குவதற்கு முன்பே, மொத்தச் செலவில் டிக்கெட் வருமானம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் முன்பிருந்தே அரசாங்கம்தான் கட்டிவந்தது. அவர்கள் விட்டுக்கொடுத்தது அந்தச் சின்னப் பங்கை. பெர்மிட் தம்பி சொல்கிற மாதிரி, எங்கள் ஊர் தனியார் பஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட முழு வருமானமே டிக்கெட்தான். பரப்பளவு ஒன்று, கணக்கு வேறு.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013 ஜனவரி 1இல் இருந்து நகரத்தில் பதிந்தவர்களுக்கு இலவசம். அதற்குப் பிறகு நிறையப் பேர் தங்கள் பதிவை அந்த நகரத்துக்கு மாற்றினார்கள், அவர்களுடைய வருமான வரியில் நகரத்துக்கு ஒரு பங்கு வந்தது, செலவைத் தாங்க அது உதவியது. ஆனால் கார்க்காரர்கள் பெரிதாக பஸ்ஸுக்கு வரவில்லை, நடந்து போனவர்கள்தான் ஏறினார்கள் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பெல்ஜியத்தில் ஹசெல்ட் என்ற ஊர் 1997இல் இலவசமாக்கியது, பஸ்ஸையும் கூட்டியது, பயணிகள் பத்து மடங்குக்கு மேல் பெருகினார்கள். செலவு தாங்காமல் 2013இல் பழையபடி கட்டணத்துக்குப் போனார்கள். ஆக, பதினாறு வருடம் நடந்தது என்றும் சொல்லலாம், நின்றுபோனது என்றும் சொல்லலாம்.

இங்கே 2022இல் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் மாதம் 9 யூரோவுக்கு உள்ளூர் பஸ்ஸிலும் ரயிலிலும் நாடு முழுக்கப் போகலாம் என்று விட்டார்கள். இலவசம் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தக் கோடையில் நான் வேலைக்குப் போன ரயிலில் கதவோடு ஒட்டி நின்றுதான் போனேன். ஆனால் என் பக்கத்து வீட்டுக் கிழவி, ஓய்வூதியக்காரி, வாழ்க்கையில் முதல்முறை கடலைப் பார்க்கப் போனாள். அதன் பிறகு 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு மாதாந்த டிக்கெட் கொண்டுவந்தார்கள். அவள் அதை வாங்கவில்லை.


பெர்மிட் வீட்டுப்பிள்ளை – புதன், காலை 10.20

டீச்சரின் பாலக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அவரும் பேசவில்லை.

ஆனால் எங்கள் தொழில் எப்படி ஓடுகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய கலெக்‌ஷனைப் பார்த்துத்தான் நாட்சம்பளம். கலெக்‌ஷன் கூடினால் கைக்கு வருவது கூடும், குறைந்தால் குறையும். ஸ்டாண்டில் நேரம் வந்த பிறகும் பஸ் உருட்டி உருட்டி நிற்பது, இன்னும் நான்கு தலை ஏறட்டும் என்றுதான். வெளிக்கிட்ட பிறகு பின்னால் அடுத்த பஸ் தெரிந்தால் கண் மண் தெரியாமல் ஓடுவது, முன்னுக்கு நிற்கிற சனத்தை அவன் ஏற்றிவிடுவான் என்றுதான். பள்ளிப் பிள்ளை கை காட்டினால் நிற்காமல் போவது, அரை டிக்கெட் ஒரு முழு ஆளின் இடத்தைப் பிடிக்கும் என்றுதான். இதெல்லாம் பிழை, எனக்குத் தெரியும். என் தங்கச்சியையே ஒரு பஸ் இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் டிரைவரை மட்டும் ஏசிப் பயனில்லை, காசு வருகிற வழி அப்படி.

இப்போது சென்னை அக்கா சொன்ன முறையை இங்கே வைத்துப் பார்க்கிறேன். பூஜ்ஜிய டிக்கெட்டை எண்ணிக் காசு என்றால் ஒருவேளை கள்ள எண்ணிக்கை வரும். அதை விட, ஓடுகிற கிலோமீற்றருக்குக் காசு என்றால்? ஸ்டாண்டில் நேரம் பார்க்கிற ரைம் கீப்பர் எங்கள் லொக் சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கிறார்தானே, அதே சீட்டில் சரியான நேரத்துக்கு வந்தாயா, முழுத் தூரமும் ஓடினாயா என்று பார்த்து, அதற்கு மட்டும் காசு. பஸ்ஸில் நாலு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஒரே காசு. அப்போது நான் ஏன் ஸ்டாண்டில் உருட்டப் போகிறேன்? பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டுப் போகப் போகிறேன்? அந்த முறை வந்தால் பயணியிடம் டிக்கெட் வாங்குவதா விடுவதா என்பது எனக்கு ஒன்றுதான், அது அரசாங்கம் தீர்மானிக்கட்டும். திங்கட்கிழமை நான் எழுதியதில் இருந்து இந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் காசு மாதாமாதம் வர வேண்டும். ஆறு மாதம் இழுத்தடித்தால் லீசிங்காரன் பஸ்ஸைக் கொண்டுபோய்விடுவான்.


மூதூர் ராத்தா – புதன், பகல் 1.15

எல்லாரும் காசைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் ரவுணில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன், கிழமையில் ஆறு நாள் மூதூரில் இருந்து வந்து போகிறேன். கடை பூட்டுவது ஆறரைக்கு. நான் ஐந்தேகாலுக்கே வெளிக்கிட வேண்டும், அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக நம்பிக்கையான பஸ் இல்லை. அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை முதலாளி சம்பளத்தில் வெட்டுகிறார். மாதம் முடிய அது பஸ்காசை விடக் கூட. இரவு ஏழு மணிக்கு ஒரு பஸ் நிச்சயம் என்று யாராவது சொன்னால் இப்போது கொடுப்பதை விடக் கூடக் கொடுத்துப் போவேன்.

இன்னொன்றையும் பெண்கள்தான் எழுத வேண்டும், ஆண்கள் யாரும் எழுதவில்லை. பஸ் நெருக்கமாக இருந்தால் எங்களுக்கு அது வெறும் நெருக்கம் இல்லை. சேஃப்டி பின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன், என் மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சும்மா என்று சொல்லிவிட்டு பஸ்ஸைக் கூட்டாமல் விட்டால், இப்போது அறுபது பேர் போகிற பஸ்ஸில் தொண்ணூறு பேர் ஏறுவார்கள். அந்த இலவசம் எனக்கு வேண்டாம்.


உப்புவெளி நிலா – புதன், பகல் 2.40

ராத்தா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டேன். சேஃப்டி பின் விஷயம் என் அம்மாவும் எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

மீன் விற்கிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பல்தீவுப் பக்கத்தில் இருந்து தலையில் பெட்டியோடு வருகிறவர்கள். மீன்பெட்டி என்றால் மணக்கும் என்று ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் பெட்டிக்கும் ஒரு டிக்கெட். நான்கு பேர் சேர்ந்து ஓட்டோ பிடிக்கிறார்கள். பின்னுக்கு ஒரு தட்டு அடித்து, ஐஸ் தண்ணி வடிய வழி விட்டு ஒரு பஸ் விடுவதற்குப் பெரிய காசா வேண்டும்?


கிண்ணியா டீச்சர் – புதன், மாலை 5.10

ராத்தா சொன்னது என் இரண்டு வாப்பாமாரில் இரண்டாவது ஆளின் பேச்சு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆளும் இருக்கிறார், அவர் இந்த இழைக்கு வரமாட்டார், அவரிடம் ஃபோனுக்கு டேட்டா போடக் காசில்லை. அவருக்காக நான் விடாமல் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.


டிப்போ ஓய்வு – புதன், இரவு 7.30

எல்லாருக்கும் ஒரே நாளில் இலவசம் என்று கேட்டால் காசில்லை என்று ஒரே வரியில் கடிதம் திரும்பி வரும், அந்தக் கடிதத்தைச் சேவையில் இருக்கும்போது நிறையப் பார்த்திருக்கிறேன். சின்னதாக, மறுக்க முடியாததாக ஒன்றைக் கேளுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்குச் சீசன் டிக்கெட் இருக்கிறது. பிள்ளை ஒரு பங்கைத்தான் கட்டுகிறது, மிச்சத்தை அரசாங்கம் கட்டுகிறது. அது பல வருடமாக நடக்கிறது, அதனால் நாடு முறியவில்லை. அதே வழியில் கிளினிக் கொப்பியைச் சீசனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும். அந்தத் திகதியில் மட்டும், அந்த ஆளுக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. போகும்போது கொப்பியைக் காட்ட வேண்டும், திரும்பும்போது அன்றைய பதிவைக் காட்ட வேண்டும். கொண்டக்டர் பூஜ்ஜிய டிக்கெட் அடித்துக் கொடுப்பார், டிக்கெட் மெஷினில் அது பதியும், மாதம் முடிய எத்தனை பேர் என்று கணக்கு நிற்கும். இதில் கள்ளம் செய்ய ஒருவன் முதலில் கிளினிக்கில் போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவு பாடுபட்டுக் கள்ளம் செய்ய யாரும் வரமாட்டார்கள்.

அதோடு வெருகலிலும் புல்மோட்டையிலும் ஒவ்வொரு பஸ் இரவு தங்க வேண்டும். படுக்கப் பாயும் ஒரு மின்விசிறியும் போதும், என் காலத்தில் மின்விசிறியும் இல்லை. வெருகல் முருகன் திருவிழாவுக்கு விசேட பஸ் விடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

ஆனால் யாரிடம் கேட்டாலும் கணக்கு வேண்டும். ஒரு காலைப் பஸ்ஸில் கிளினிக்காரர் எத்தனை பேர், எங்கே ஏறினார்கள், எத்தனை மணிக்கு இறக்கினார்கள். எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை. பிள்ளைகள் எழுதுங்கள்.


பெர்மிட் வீட்டுப்பிள்ளை – புதன், இரவு 8.05

ஐயா, எங்கள் பஸ்ஸில் எண்ணுவதற்கு கொண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். இன்னொன்று, அப்பாவிடம் கேட்டேன். இந்த மாதம் முடியும் வரை கிளினிக் கொப்பி காட்டுகிறவர்களிடம் எங்கள் பஸ்ஸில் காசு வாங்க வேண்டாம் என்றார். கூட வருகிறவர் டிக்கெட் எடுக்கட்டும், இரண்டு பேருக்கும் விட எங்களால் முடியாது. நாங்கள் ஓடுவது நிலாவெளிப் பக்கம், வெருகல் தம்பிக்குப் பயன்படாது என்பதுதான் குறை.


வெருகலாற்றங்கரை – புதன், இரவு 9.30

அண்ணை, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எல்லா பஸ்ஸும் எல்லாருக்கும் இலவசமாக வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை, டீச்சரின் பாலத்தை யோசிக்க யோசிக்க அது கூடுகிறது. ஆனால் கடிதம் எழுதப்போவது கிளினிக் கொப்பிக்கும் இரவு தங்கும் பஸ்ஸுக்கும்தான். ராத்தா, ஏழு மணி பஸ்ஸையும் அதில் சேர்க்கிறேன், உங்களைப்போல வேலை முடித்து மூதூருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணித் தர முடியுமா? மீன் தட்டையும் எழுதுவேன்.

நாளைக்கு அம்மாவைக் கூட்டிப்போகிறேன். கொப்பியும் பேனாவும் எடுத்து வைத்தாயிற்று.


மூதூர் ராத்தா – புதன், இரவு 9.48

எண்ணித் தருகிறேன் தம்பி. எங்கள் கடை வரிசையில் மட்டும் பதினொரு பேர் இருக்கிறோம். உம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப்போங்க.


வெருகலாற்றங்கரை – வியாழன், காலை 6.20

கங்கைப் பாலம் தாண்டிவிட்டோம். வெருகலில் ஏறும்போது கிளினிக் கொப்பியோடு 4 பேர், ஈச்சிலம்பற்றில் 5, தோப்பூரில் 3, மூதூரில் 7. மூன்று பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, இப்போதுதான் ஒரு பொடியன் எழும்பி இடம் கொடுத்தான். ஈச்சிலம்பற்றில் ஒரு ஐயா டிக்கெட் காசைக் கேட்டுவிட்டு, போக மட்டும் இருக்கிறது, வர இல்லை என்று இறங்கப் பார்த்தார். பின் சீட்டில் இருந்த ஒருவர் கொடுத்தார். அவரையும் 5இல் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அம்மா ஜன்னல் பக்கம் இருக்கிறார், கிளினிக் முடிய நேரம் இருந்தால் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.